பிறர் ஏட்டைக் காக்கும் கடன்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. படிகள் பல இடங்களில் இருத்தல் வேண்டும் என்பதை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இக்காலத்தில் அதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஒருவர் தம் கணினியில் எஞ்சிய இடத்திலே பிறருடைய கோப்புகளைக் காப்பார். அவருடையவற்றைப் பிறர் காப்பர். கோப்புகள் மறைகுறியாக்கப்பட்டுத் துண்டுகளாகிச் செல்லுதலின், காப்பவர் அவற்றைப் படித்தலும் இயலாது. இடர் மனிதரிடத்தே உள்ளது. பெறுவதற்கு முந்துவோர் கொடுப்பதற்கு முந்துவதில்லை. 2000ஆம் ஆண்டில் ஆடார், ஹூபர்மன் என்னும் ஆய்வாளர் இருவர் நுட்டெல்லா என்னும் கோப்புப் பகிர்வு வலையை ஆராய்ந்து, அதனைப் பயன்படுத்துவோருள் நூற்றுக்கு 70 பேரளவினர் யாதொன்றும் பகிர்வதில்லை எனக் கண்டனர். அடுத்த ஆண்டில் பிராம் கோகன் வெளியிட்ட பிற்ரொறன்ற் இதற்கு மருந்து கண்டது: தருபவனுக்கே தருக என்பது அதன் விதி.

ஆயின் சேமிப்பிலே இவ்விதி நொண்டுகின்றது. கோப்புப் பகிர்வோர் அந்நேரத்திலேயே கொண்டுங் கொடுத்தும் தீர்க்கின்றனர். காப்போனின் வாக்கோ, எம் கணினி பழுதுற்ற நாளிலேதான் சோதிக்கப்படும். அன்று அவன் கைவிரித்தால் யாது செய்வோம்? ஆகவே இடையிடையே வினவுதல் வேண்டும். இன்ன துண்டின் இன்ன பகுதிக்குரிய கணக்கு யாது எனக் கணினி கணினியைக் கேட்கும். துண்டை வைத்திருப்பவனே விடை கூறவல்லன். இதனை அவமதிப்பு என்பாருளர். யாம் அவ்வாறு கருதோம். வகுப்பிலே வாய்ப்பாடு கேட்கும் ஆசிரியர், மாணவனைக் கள்வன் என்றெண்ணியா கேட்கின்றார்?

பணங்கொடுத்துக் காப்பிக்கும் வலைகளும் உள. 2020இல் தொடங்கிய பைல்கொயின் அத்தகையது. பழைய மாணவர் தம்முள் அது வேண்டாம் என்பது எம் துணிபு. கொடுத்த அளவுக்கே பெறுக என்னும் விதியையும் இறுக்கிப் பிடித்தல் தகாது. இலண்டனில் வாழும் பழைய மாணவரிடம் பெரிய வன்தட்டுகள் உண்டு. இங்கே பயிலும் மாணவனிடம் பழைய மடிக்கணினி ஒன்றே, அதுவும் தமையனுடையது. இருவரையும் ஒரே கோலால் அளந்தால் முதலில் வெளியேறுபவன் மாணவனே. எவ்வளவு இடந் தந்தான் என்பதை விடுத்து, ஏற்றதை வழுவாது காத்தானா என்பதையே நோக்குதல் வேண்டும். சில நாள் விடை வாராதெனின் பொறுக்க. பல கிழமை வாராதெனின் அத்துண்டை வேறொருவரிடம் ஒப்படைக்க.

எமது கல்லூரியின் பழைய மலர்கள் சில ஒற்றைப் படியாகவே எஞ்சியுள்ளன. இம்முறையிற் காக்கத் தொடங்குதற்கு அவற்றினும் ஏற்ற பொருள் வேறில்லை. முதற்கண் இருபதின்மர் முன்வரின் போதும்.