கழிவே கழிவை வடிகட்டும்: திருப்பூர் முயலலாமா?

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணை நீரையும் இழந்த விவசாயிகள் பல ஆண்டுகள் நடத்திய சட்டப் போராட்டத்தின் விளைவு அது. கழிவுநீரை வெளியேற்றாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறைக்கு வந்த பட்டறைகளால் மட்டுமே மீண்டும் இயங்க முடிந்தது. சாயத்துக்குக் காட்டிய இந்தக் கண்டிப்பை நாம் வீட்டுக் கழிவுநீருக்குக் காட்டவில்லை.

பனியன் கம்பெனி வேலையை நம்பி வந்தவர்கள் லைன் வீடுகளிலும் விடுதிகளிலும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் செப்டிக் டேங்க்தான் கதி. அது திடக்கழிவைத் தேக்கிக்கொள்ளும்; நீரில் கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெரும்பாலும் அப்படியே வெளியே விட்டுவிடும். மண்ணில் இறங்கும் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றையும் போர்வெல்லையும் அடைகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ஓடையில் சேரும் பாஸ்பரஸோ பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கிறது.

பஞ்சும் கசடும்

இவற்றைத் தடுப்பதற்கான பொருட்கள் கொங்கு மண்டலத்தைச் சுற்றியே கிடைக்கின்றன. விடுதியின் செப்டிக் டேங்கை அடுத்து மூன்று சிறு தொட்டிகளைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் தொட்டியில் மணலும் ஜல்லியும். காற்றோட்டத்தோடு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது அமோனியா நைட்ரேட்டாகும். மூடிய இரண்டாம் தொட்டியில் நூற்பாலையின் பஞ்சுக் கழிவு. காற்று புகாத இடத்தில் பாக்டீரியாக்கள் பஞ்சை உணவாக்கி, நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனைச் சுவாசத்துக்கு எடுத்துக்கொள்ளும். நைட்ரஜன் வாயுவாகி வெளியேறிவிடும். பஞ்சைக் கொண்டு நைட்ரேட்டை நீக்க முடியும் என்பதை இஸ்ரேல் ஆய்வாளர்கள் 1990-களிலேயே காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் தொட்டியில் உடைத்த உருக்காலைக் கசடு. அதிலிருந்து கரையும் சுண்ணாம்புச் சத்து பாஸ்பேட்டோடு சேர்ந்து திடப்பொருளாகப் படிந்துவிடும். கசடு நீரின் காரத்தன்மையைக் கூட்டி பாக்டீரியாவைப் பாதிக்கும் என்பதால் அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். வெளியேறும் நீரின் காரத்தையும் குறைத்தாக வேண்டும். நியூசிலாந்தின் வையுக்கு நகரக் கழிவுநீர் நிலையத்தில் 1990-களில் அமைத்த கசடு வடிகட்டி, முதல் 5 ஆண்டுகள் பாஸ்பரஸின் பெரும்பகுதியைப் பிடித்தது. அதன் பிறகு திறன் சரிந்தது.

நிரம்பிய பின் என்ன?

திருப்பூர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கசடு வடிகட்டி பாஸ்பரஸை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது. சாயநீர் ஆற்றுக்குப் போவதை நிறுத்தினோம். அதிலிருந்து பிரிந்த சேறும் கலப்பு உப்பும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் குவிந்தன. சேற்றை சிமென்ட் ஆலைக்கு அனுப்பும் வழி பின்னர்தான் வந்தது. அதே பிழை விடுதித் தொட்டியிலும் நேரக் கூடாது.

சாயப்பட்டறைச் சேற்றிலும் இரும்பும் சுண்ணாம்பும் உண்டு, அது பாஸ்பேட்டைப் பிடிக்கும், அதையே போடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். கூடாது. சட்டம் அதை அபாயகரக் கழிவாக வகைப்படுத்தியிருக்கிறது. அதிலுள்ள உலோகங்கள் கசிந்தால் ஒரு நஞ்சை நீக்க இன்னொன்றைக் கலந்தவர்கள் ஆவோம். துருப்பிடிக்காத எஃகு ஆலைக் கசடிலும் குரோமியம் இருக்கக்கூடும். பஞ்சுக்குப் பதிலாகச் சாயம் ஏறிய துணி கட்டிங் வேஸ்ட்டும் வேண்டாம்.

பொருளைத் தேர்வதில் இவ்வளவு கறார் ஏன்? பாஸ்பேட் உரத்துக்கு இந்தியா பெருமளவு இறக்குமதியை நம்பியிருக்கிறது. சுத்தமான கசடு பிடித்த பாஸ்பரஸை வயலுக்குக் கொண்டுபோக முடியும். ஐரோப்பாவில் உருக்காலைக் கசடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே உரமாகப் பயன்பட்டிருக்கிறது. உலோக நஞ்சு கலந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். மிஞ்சுவது இன்னொரு குப்பைமேடுதான்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எந்தக் கழிவை வடிகட்டியில் பயன்படுத்தலாம் என்று கசிவுச் சோதனை நடத்திப் பட்டியலிட வேண்டும். மாநகராட்சி சில விடுதிகளில் முன்னோட்டம் தொடங்கி, உள்ளே வரும் நீரையும் வெளியேறும் நீரையும் மாதந்தோறும் சோதித்து முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். நிரம்பிய கசடை யார், எப்போது, எங்கே எடுத்துச் செல்வார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் ஒரு தொட்டிகூடக் கட்டப்படக் கூடாது. செலவு தொழிலாளர்களின் வாடகையில் ஏறாமல், அவர்களது உழைப்பால் வளர்ந்த நிறுவனங்கள் அதை ஏற்க வேண்டும். சாயநீருக்கு இந்தப் பொறுப்பை நீதிமன்றம் சொல்லித்தான் ஏற்றோம். வீட்டுக் கழிவுநீருக்காவது நாமாக ஏற்போம்.