ஏற்காட்டில் 2 பள்ளிகள்: ஒருவர் புனிதர் ஆனார், இன்னொருவர் 75 வருஷமாக வெயிட்டிங்... ஏன்?

ஏற்காடு டூர் போனவர்களுக்கு மான்ட்ஃபோர்ட் பள்ளியைத் தெரியாமல் இருக்காது. 1917-ல் தொடங்கிய பள்ளி. சசி தரூர், அன்புமணி ராமதாஸ் எல்லாம் படித்த இடம். அதே சேர்வராயன் மலையில் அதற்கும் முன்பே, 1894-ல், குளூனி சிஸ்டர்கள் தொடங்கியது சேக்ரட் ஹார்ட் பள்ளி.

இரண்டையும் நடத்துவது பிரான்ஸில் பிறந்த சபைகள். மான்ட்ஃபோர்ட் பிரதர்ஸ் தங்கள் தந்தையாகக் கொண்டாடும் லூயி மரி டி மான்ட்ஃபோர்ட், 1947-ல் புனிதர் ஆகிவிட்டார். குளூனி சபையைத் தொடங்கிய ஆன் மரி ஜவூவே 1950-ல் 'அருளாளர்' ஆனார். அது புனிதருக்கு ஒரு படி கீழே. இன்றுவரை அந்தப் படியில்தான் இருக்கிறார்.

இத்தனைக்கும் 2006-ல் இறந்த இத்தாலிச் சிறுவன் கார்லோ அகூட்டிஸ், 2025 செப்டம்பரில் புனிதராகவே ஆகிவிட்டார். ஜவூவே இறந்தது 1851-ல். அப்படியென்றால் எங்கே இடிக்கிறது?

பிச்சைக்காரரைத் தோளில் சுமந்தவர்

1673-ல் பிறந்த மான்ட்ஃபோர்ட், குருத்துவப் படிப்புக்குப் பாரிஸ் கிளம்பிய வழியிலேயே கையிலிருந்த காசைக் கொடுத்துவிட்டு, ஒரு பிச்சைக்காரரோடு உடையையும் மாற்றிக்கொண்டார் என்பார்கள். பிறகு ஊர் ஊராக நடந்தே போய்ப் போதித்தார். தினான் என்ற ஊரில் நோயோடு தெருவில் கிடந்த ஒருவரைத் தோளில் தூக்கி வந்து, இயேசுவே வந்திருக்கிறார், கதவைத் திறங்கள் என்று தட்டியதாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. 1716-ல், 43 வயதில் இறந்தார்.

அடிமைகளோடு நின்றவர்

ஜவூவே கதை வேற லெவல். 1779-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய சிஸ்டர்கள் 1827-லேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். அங்கே குளூனி எம்ப்ராய்டரி இன்றும் பிரபலம்.

1835-ல், சட்டவிரோத அடிமைக் கப்பல்களில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களை, விடுதலைக்குத் தயார்படுத்தச் சொல்லி பிரெஞ்சு அரசு இவரிடம் ஒப்படைத்தது. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் மனா என்ற இடத்தில் அவர்களோடு வாழ்ந்தார். தோட்ட முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. இன்னொரு பக்கம், சபை யார் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று பிரான்ஸில் ஒரு பிஷப்போடு மோதல். அதன் விளைவாக கயானாவில் அவருக்கு நற்கருணையே மறுக்கப்பட்டது. சொந்தச் சபையின் கோயிலில், மற்ற சிஸ்டர்கள் வாங்கும்போது இவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை.

அப்போ ஏன் புனிதர் இல்லை?

நல்லவரா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. மிச்சம் இருப்பது அற்புதம். அதிலும், உயிரோடு இருந்தபோது செய்தது எதுவும் கணக்கில் வராது. இறந்த பிறகு, அவரை வேண்டிக்கொண்டதால் நடந்தது என்று காட்ட வேண்டும். இப்போதைய நடைமுறையில் அருளாளர் ஆக ஒன்று, அதற்குப் பிறகு புனிதர் ஆக இன்னொன்று.

மறைசாட்சிகளுக்கு முதலாவது தேவையில்லை. நம்ம தேவசகாயத்துக்கு அப்படித்தான் நடந்தது. 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டவர், 2012-ல் அற்புதம் இல்லாமலே அருளாளர் ஆனார். இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட கருவிலிருந்த குழந்தை, தாயின் வேண்டுதலுக்குப் பின் அசைந்ததாகச் சொல்லப்படும் 2013 சம்பவத்தை போப் பிரான்சிஸ் 2020-ல் ஏற்றார். 2022 மே 15-ல் புனிதர் பட்டம். அவர் முழங்கை பட்டுப் பாறையில் தண்ணீர் வந்தது என்று குமரி மாவட்டமே சொல்லும் கதை இந்தக் கணக்கில் சேரவில்லை.

டாக்டர்கள் ஓட்டு போடுவார்கள்

குணமானதற்கு அறிவியல் விளக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது மருத்துவர் குழு. 2016 விதிப்படி 7 பேரில் குறைந்தது 5 பேர் 'விளக்க முடியவில்லை' என்று சொல்ல வேண்டும். ஒரே கேஸை மூன்று முறைக்கு மேல் எடுக்க முடியாது. நிபுணர்களுக்குச் சம்பளம் வங்கி வழியாக மட்டும். கவர் கொடுக்கும் வேலை கிடையாது!

நம்பிக்கை இல்லாதவர்கள், விளக்க முடியாதது எல்லாம் அற்புதமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விசுவாசிகளுக்கும் இதில் ஒரு வருத்தம் இருக்க வேண்டும். ஃபைலைப் பின்தொடர ஆளும் பணமும் உள்ளவர்களுக்கே இந்த ரூட் சுலபம். விதிவிலக்கும் இல்லாமல் இல்லை. 23-ம் ஜான் 2014-ல் இரண்டாவது அற்புதம் இல்லாமலே புனிதர் ஆனார். அவர் போப்பாக இருந்தவர். மனாவின் சிஸ்டருக்கு அந்தச் சலுகை இதுவரை கிடைக்கவில்லை.

ஏற்காட்டில் நடந்தால்?

அற்புதம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரின் மறைமாவட்டம்தான் முதல் விசாரணையை நடத்த வேண்டும். ஜவூவேயை வேண்டி ஏற்காட்டில் யாராவது குணமானதாகச் சொன்னால், ஃபைல் ரோமில் அல்ல, சேலம் பிஷப் அலுவலகத்தில் திறக்கும். முதலில் கேட்பது ஸ்கேன், பிளட் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி. குணமான சந்தோஷத்தில் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டால், கேஸ் மலையை விட்டுக் கீழே இறங்குவதே கஷ்டம்.