முதல் காசு முகமூடிக்கு!

கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க ஆசைப்படும் வாலிபர்கள் பெருகிவிட்டார்கள்.

லீவு போட்டுவிட்டு அந்தமானுக்குப் போகிறார்கள். புதுச்சேரியிலோ, கர்நாடகத்தின் நேத்ராணித் தீவிலோ ஒரு நாள் மூழ்கிப் பார்க்கிறார்கள். ஆமை ஒன்று பக்கத்திலே நீந்திப் போகிறது. அவ்வளவுதான், மனம் கரைக்குத் திரும்ப மறுக்கிறது!

ஊருக்கு வந்ததும் அடுத்த யோசனை: "சொந்தமாகச் சாமான் வாங்கிவிட வேண்டும்."

இங்கேதான் சங்கடம். சம்பளமோ அளவானது. கடைக்காரர் காட்டும் பட்டியலோ நீளமானது. முகமூடி, காலில் மாட்டும் துடுப்பு, ரப்பர் உடை, காற்று அடைக்கும் மிதவைச் சட்டை, ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், சிலிண்டர், ஈயக் கட்டி என்று போகும். அத்தனையும் புதிதாக வாங்கினால் ஒரு மோட்டார் சைக்கிள் விலை ஆகிவிடும்.

ஆகவே பலர் என்ன செய்கிறார்கள்? யாரோ விற்கும் பழைய 'செட்'டை மொத்தமாக, மலிவாகப் பேசி வாங்கிவிடுகிறார்கள்.

இது கூடாது என்பது நமது கருத்து. கொஞ்சம் பணம் உள்ளவர் கொஞ்சமாக வாங்கட்டும். வாங்குகிற கொஞ்சத்தைப் புதிதாக, நல்லதாக வாங்கட்டும். மிச்சத்தை வாடகைக்கு எடுக்கட்டும். எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது.

இரண்டு நெஞ்சு காற்று

சாமானுக்கு முன்னால் ஒரு செலவு உண்டு. அது பயிற்சி.

"எனக்குத்தான் நன்றாக நீந்தத் தெரியுமே! பயிற்சி எதற்கு?" என்று கேட்பார்கள். அவர்களுக்குத்தான் பயிற்சி அவசியம்!

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மூச்சை அடக்கினார்கள். கரைக்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு போனதால், அது கீழே அமுங்கியது. மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரிந்தது. நுரையீரலுக்கு அதற்கு மேல் வேலை இல்லை.

ஸ்கூபா அப்படி அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரான்சில் பெட்ரோல் தட்டுப்பாடு. காரை வாயுவில் ஓட்டுவதற்காக எமில் கான்யான் என்ற இன்ஜினீயர் ஒரு வால்வு செய்திருந்தார். அந்த வால்வை மனிதன் மூச்சு விடுவதற்கு ஏற்றபடி மாற்றினார்கள், அவரும் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும். இது நடந்தது 1943-ல். இன்றைய ரெகுலேட்டருக்கு அதுதான் மூதாதை.

அதன் வேலை என்ன? நீங்கள் எந்த ஆழத்தில் இருக்கிறீர்களோ, அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுப்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வந்தால் இரண்டு நெஞ்சு காற்று! மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். இதற்கு ஆழ்கடல் வேண்டாம். நீச்சல் குளத்தின் ஆழமே போதும்.

நல்ல நீச்சல்காரருக்கு மூச்சை அடக்குவது பழக்கம். அந்தப் பழக்கமே இங்கே எமன்.

ஆகவே கையில் உள்ள பணம் பயிற்சிக்கு மட்டும்தான் காணும் என்றால், பயிற்சிக்கே கொடுத்துவிடுங்கள். சாமானை அவர்களே தருவார்கள். நாலு விதமாக மாட்டிப் பார்த்தால், உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்பதும் தெரிந்துவிடும்.

மீசைக்காரர்கள் கவனிக்க!

முதலில் வாங்க வேண்டியது முகமூடி. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

வாடகைச் சாமானில் அதிகத் தொல்லை கொடுப்பது இதுதான். ஒருவர் முகம் போல் இன்னொருவர் முகம் இல்லை. பொருந்தாத முகமூடிக்குள் தண்ணீர் கசியும், மூக்கில் ஏறும், புதியவருக்குத் திகில் பிடிக்கும். மீன் எங்கே, பவளம் எங்கே? உயிர் பிழைத்தால் போதும் என்று ஆகிவிடும்.

நீச்சல் குளத்துக் கண்ணாடி இதற்கு உதவாது. மூக்கும் உள்ளே இருக்க வேண்டும். கீழே போகப் போக, உள்ளே இருக்கும் காற்று அமுங்கி, முகத்தைக் கவ்வி இழுக்கும். மூக்கால் கொஞ்சம் ஊதினால் சரியாகிவிடும். மூக்கு வெளியே இருந்தால் எப்படி ஊதுவது? கண்ணில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

கடையில் சோதிப்பது சுலபம். வாரை மாட்டாதீர்கள். முகமூடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெள்ள இழுத்துக்கொண்டு, கையை எடுத்துவிடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுடையது. விழுந்தால், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் வேண்டாம்.

மீசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முகமூடியின் கீழ் விளிம்பு மீசை மேல் உட்காரும். அந்த வழியாகத் தண்ணீர் வரும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவு மழித்தால் போதும். முறுக்கு மீசையை முழுவதும் தியாகம் செய்ய வேண்டியதில்லை!

அடுத்தது காலில் மாட்டும் துடுப்பு. படகிலிருந்து குதிப்பவருக்கு, செருப்பு வேண்டாமல் வெறுங்காலில் மாட்டும் வகையே போதும். அதுதான் விலையும் குறைவு. காலைக் கடிக்கக் கூடாது, கழன்றும் போகக் கூடாது.

ரப்பர் உடைக்கு அவசரப்பட வேண்டாம். நம் கடல் வெதுவெதுப்பானது. 3 மில்லிமீட்டர் தடிப்பே பெரும்பாலும் தாராளம். குளிர் தேசத்துக்கான தடித்த உடையைச் சிலர் மலிவு என்று வாங்கிவிடுகிறார்கள். தடித்த ரப்பர் நன்றாக மிதக்கும். அதை மூழ்கடிக்க இன்னும் ஈயம் கட்ட வேண்டும்!

உடம்பின் கணக்குப்பிள்ளை

மூன்றாவது, மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர். "ரெகுலேட்டர் இல்லாமல் இதையா?" என்று கேட்கலாம். ஆம், இதைத்தான்!

ஆழத்தில் இருக்க இருக்க, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேருகிறது. சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழியாகக் கிளம்பும். மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை வரும். எத்தனை ஆழத்தில் எத்தனை நேரம் தங்கலாம் என்பதை ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908-ல் இங்கிலாந்தில் ஹால்டேன் என்ற விஞ்ஞானி அட்டவணை வெளியிட்டார். அந்த வகைக் கணக்கைத்தான் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி போடுகிறது.

காலையில் மூழ்கியதை அது மாலையில் நினைவு வைத்திருக்கும். வாடகைக் கம்ப்யூட்டரை நாளைக்கு ஒன்றாக மாற்றினால் முந்திய கணக்கு போச்சு. நண்பருடையதைப் பார்த்துக்கொள்வதும் ஆகாது. அவர் வரவு செலவு வேறு, உங்களுடையது வேறு. வண்ணத் திரை, பாட்டு, படம் எதுவும் தேவையில்லை. இருப்பதிலேயே சாதாரணமானது போதும்.

பழைய ரெகுலேட்டர்

ரெகுலேட்டர் பல்லாயிரம் ரூபாய்ச் சமாசாரம். வாங்கினால் போதாது, தயாரித்தவர் சொன்ன கெடுவில் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும். உப்புக் கட்டும். ரப்பர் வளையங்கள் உலரும். வருஷத்தில் நாலைந்து நாள் மூழ்குகிறவர், விலையோடு பழுதுபார்க்கும் கூலியையும் கூட்டி, நாட்களால் வகுத்துப் பார்க்கட்டும். வாடகையே மேல் என்று தெரியும்.

பழையதுதான் வேண்டும் என்றால், உதிரிப் பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் அது பித்தளைக்கு நிறுத்துப் போட வேண்டிய சாமான். குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றியாக வேண்டும். பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அதைக் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

வாடகைக்குக் கொடுப்பவர்களையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ரெகுலேட்டரும் கடைசியாக எப்போது பழுது பார்க்கப்பட்டது? அந்தத் தேதியை ஏன் ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிடக் கூடாது? வாடகை கொடுப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. வெட்கப்பட வேண்டாம்.

படகிலேயே ஒரு சோதனை செய்யலாம். சிலிண்டரைத் திறந்து, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நாலைந்து மூச்சு இழுங்கள். முள் ஆடக் கூடாது. ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை, அல்லது வேறு கோளாறு. காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசர் மூச்சுக்கு ஆகாது. எண்ணெய்க்காவது வாடை உண்டு. என்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு அதுவும் கிடையாது.

சிலிண்டரை மட்டும் வாங்கவே வேண்டாம். வழக்கமான அலுமினிய சிலிண்டர் வெறுமையாகவே 14 கிலோ. உள்ளே அடைப்பது சுமார் 200 மடங்கு அழுத்தம். தவணை தவறாமல் சோதனை செய்ய வேண்டும். நிரப்பிய சிலிண்டரை விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். மூழ்கும் இடத்தில் காற்றோடு கிடைப்பதை, வீட்டில் வைத்துக் காவல் காப்பானேன்?

அந்தப் பணத்தில் ஒரு துளி போதும், ஒரு விசிலும், வலை அறுக்கும் சிறு கத்தியும் வாங்க. நம் கடலில் அறுந்து மிதக்கும் வலைகளுக்குக் குறைவில்லை. படகு தள்ளிப் போய்விட்டால், அலைச் சத்தத்தில் தொண்டையைவிட விசில் தூரம் கேட்கும்.

புது முகமூடி வாங்கியவர்கள் கடலுக்குப் போகுமுன் அதன் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசை போட்டு விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தொழிற்சாலையில் படிந்த மெல்லிய பிசுக்கு அதில் இருக்கும். அது போகாதவரை, மூழ்கிய ஐந்தாவது நிமிஷம் ஆமையும் தெரியாது, மீனும் தெரியாது, வெறும் பனிமூட்டம்தான்.