மணியின் நேரம்



இந்தப் பக்கத்துக்கு முதலில் எழுதிய தாள்கள் நனைந்துவிட்டன. மழையால் அல்ல, திருவண்ணாமலையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேசைக்கடியில் கிடந்த தாள்களை மூன்று சுற்றுச் சுற்றி மோந்துவிட்டு, நடுவில் சாவகாசமாக உட்கார்ந்து எழுந்தவன் மணி. வயது இரண்டரை மாதம். நான் அப்போது அட்டைப்படம் பற்றி வீடியோ அழைப்பில் வாதாடிக்கொண்டிருந்தேன்.

கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி. பதினான்கு கிலோமீட்டர் நடந்து களைத்து உட்கார்ந்த என் மனைவியின் பாதத்தின் மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டான். பிறகு பேச்சுக்கு இடமேது?

“நீங்கதான் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கீங்களே, பழக்கிடலாம்” என்றார்கள் எல்லோரும். வீட்டில் இருப்பது வேறு, குட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. என் கண் திரையில், அவன் மூக்கு தரையில். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சற்று நேரத்தில், விளையாட்டின் நடுவில் என்று மூன்று வேளை ஒன்றுக்குப் போவது தவறவே தவறாது என்றார் கால்நடை மருத்துவர். இந்த வயதில் பகலில் இரண்டு மணி நேரம் அடக்கினாலே பெரிதாம். பினாயில் வாசம் நமக்குத்தான். அதற்கடியில் மிஞ்சும் வாடை அவனுக்கு ‘இங்கேதான் போகணும்’ என்ற பலகை. வினிகர் கலந்த தண்ணீரில் துடைக்கச் சொன்னார். தடுப்பூசிகள் முடியும்வரை தெருமண்ணில் விடக்கூடாது, பார்வோ வைரஸ் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே மொட்டைமாடி. பழைய பேசினில் மணல். மேலே தூக்கிப் போவேன். மணி அணிலைப் பார்ப்பான், கொடியில் காயும் துண்டை இழுப்பான், மலையைக்கூடப் பார்ப்பான். மணலை மட்டும் பார்க்கமாட்டான். இருபது நிமிடம் கழித்துக் கீழே இறக்கினால் வாசற்படி தாண்டியதும் குளம். பிடிவாதக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. அடுத்த மீட்டிங்குக்கு நேரமாகிறதே என்று, முதலிலெல்லாம் அவன் மணலில் போய் முடித்த அந்த நொடியே அள்ளிக்கொண்டு கீழே ஓடிவந்திருக்கிறேன். ஒன்றுக்குப் போனால் அணிலும் போச்சு, காற்றும் போச்சு என்றால் எந்தக் குட்டிதான் போகும்? இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் மணல், சும்மா நிற்பேன், பேச்சில்லை. முடித்த கையோடு ஒரு துண்டு இட்லி. அதற்கப்புறம்தான் அணில்.

திட்டியும் பார்த்தேன், மறைப்பானேன். அரைமணி கழித்துத் திட்டினால் தரையில் இருக்கும் ஈரத்துக்கும் என் கோபத்துக்கும் முடிச்சுப் போட அவனுக்குத் தெரியாது. கண்ட பலன், கட்டிலுக்கு அடியில் ஒளிந்துபோய்ப் பெய்யக் கற்றுக்கொண்டான்.

திட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரமண மகரிஷி 1916 வரை இந்த மலையிலுள்ள விரூபாட்ச குகையில் இருந்தார். அந்த நாட்களைப் பற்றி இந்த ஊரில் ஒரு கதை உண்டு. அவருக்குத் தொண்டு செய்த பழனிசுவாமி ஒரு நாய்க்குட்டியைக் கடிந்துகொள்ள, அது ஓடிப்போய் மலையிலுள்ள தீர்த்தத்தில் விழுந்து உயிரை விட்டதாம். அதன்பின் விலங்குகளிடம் கடுமை கூடாது என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது. பிறகு ரமணர் இருந்த ஸ்கந்தாசிரமத்தில் கமலா என்றொரு நாய், புதிதாக வந்தவர்களை அழைத்துப்போய் தீர்த்தங்களைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடும். ஜாக்கி என்ற நாய்க்கு, பசு லட்சுமியின் சமாதிக்கு அருகே ரமணாசிரமத்தில் சமாதியே இருக்கிறது. எங்கள் மணியிடம் தீர்த்தத்தில் விழுந்த அந்தக் குட்டியின் ரோஷமெல்லாம் கிடையாது. திட்டினால் வாலாட்டுகிறான்.

பௌர்ணமி இரவு இன்னொரு கூத்து. தெருவில் விடியவிடிய கிரிவலக்காரர்களின் நடமாட்டம், ‘அரோகரா’ சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்தான், எழுந்த ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். நானும் மனைவியும் முறைவைத்து மாடிப்படி ஏறி இறங்கினோம்.

சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில், ராகுகாலம் எமகண்டத்துக்குக் கீழே மனைவி பேனாவால் புள்ளி வைக்கிறாள். மணி வீட்டுக்குள் ஒன்றுக்குப் போனால் ஒரு புள்ளி. பௌர்ணமித் தாளில் ஏழு. நேற்றைய தாளில் ஒன்று. அதுவும், நான் ஃபோன் பேசிக்கொண்டிருந்ததால் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்