பூக்கடைக்கும் பலகை வேண்டும்

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று நம் ஊரில் கேட்பார்கள். மணமே ஆளை அழைத்து வந்துவிடும் என்பது அதன் பொருள். கடைத்தெருவுக்கு இது பொருந்தும். இணையத்துக்குப் பொருந்துமா? அங்கே எந்த மணமும் தெருவில் வீசுவதில்லை. முகவரி தெரிந்தவன் மட்டுமே வருவான். தெரியாதவனுக்கு அது இல்லாத கடைதான். எழுதுகிறவன் ஓர் இணையதளம் திறந்துவிட்டால் மட்டும் போதாது. வாசகனை அங்கே அழைத்துவர ஒரு வழி வேண்டும். அவ்வழிகளுள் மிகப் பழையதும், இன்று பலர் மறந்துவிட்டதுமான வெப் டைரக்டரியைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விழைகிறேன்.

டெலிபோன் டைரக்டரியில் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். வெப் டைரக்டரியிலோ இணையதளங்கள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். அறிவியல், அதனுள் உயிரியல், அதனுள் தாவரவியல் எனக் கிளை பிரியும். ஒவ்வொரு தளத்தின் பெயருக்கும் கீழே ஓரிரு வரிகளில் குறிப்பு இருக்கும். பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டைப் படிக்கும் தாவரவியல் மாணவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? தவறான குடும்பத்தின் கீழ் வைக்கப்பட்ட செடி, ஹெர்பேரியத்தில் இருந்தும் இல்லாததற்குச் சமம் அல்லவா!

இதன் வரலாறு சிறியது, ஆனால் சுவையானது. வைய விரிவு வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ் லீயே 1991இல் இத்தகைய முதல் பட்டியலையும் தொடங்கினார். 1994இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரு மாணவர்கள் தமக்குப் பிடித்த தளங்களைப் பட்டியலிட்டனர். அதுவே யாஹூ ஆயிற்று. 1998இல் தோன்றிய ஓப்பன் டைரக்டரியில் ஊதியம் பெறாத தொண்டர்களே பதிப்பாசிரியர்களாக இருந்து, ஒவ்வொரு தளத்தையும் பார்த்துச் சேர்த்தனர். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதில் இடம்பெற்றன. யாஹூவின் டைரக்டரி 2014இலும், ஓப்பன் டைரக்டரி 2017இலும் மூடப்பட்டன. பின்னதன் பணியைக் கர்லி என்ற பெயரில் தொண்டர்கள் தொடர்ந்தனர்.

"கூகுள் இருக்கும்போது டைரக்டரி எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கூகுள் எப்படி வளர்ந்தது? ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்த்து மதிப்பிடும் முறையை லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் வெளியிட்டனர். இன்று அதனுடன் வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன. எனினும், எவரும் சுட்டாத புதிய எழுத்தாளன் வரிசையின் கடைசியில் நிற்பது மாறவில்லை. பெயர் பெற்றவரைப் பெயர் சொல்லித் தேடுவார்கள். பெயர் பெறாதவனை யார் தேடுவார்? அவனுக்கு அறிமுகம் செய்துவைக்க ஒருவர் வேண்டும்.

அறிமுகமின்மை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்ல வீட்டில் எவரும் இல்லை. முன்பின் அறியாத ஒருவர் சரியான வரிசையைக் கைகாட்டியதால்தான் இன்று இவ்விதழில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, எங்கள் ஊர் வரப்புகளில் முளைக்கும் செடிகளைப் பற்றி ஒரு தளம் தொடங்கினேன். என் பாட்டி சொன்ன பெயர்களையும், வகுப்பில் கற்ற பெயர்களையும் சேர்த்து எழுதினேன். வாசகர் வரவில்லை. "500 டைரக்டரிகளில் சேர்க்கிறோம்" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த 1,500 ரூபாயை அனுப்பினேன். அவர்கள் அனுப்பிய பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது நெஞ்சு பதைத்தது. வீட்டுமனை விற்பனைக்கும் உடல் இளைக்க வைக்கும் மாத்திரைக்கும் நடுவே என் குப்பைமேனியும் தும்பையும் கிடந்தன! மூன்று மாதங்களில் அவற்றின் வழியே ஒரு வாசகர்கூட வரவில்லை.

பின்னரே உண்மை புரிந்தது. சுட்டிகளுக்கு மதிப்புண்டு என்றவுடன், சுட்டிகளை விற்பதற்கென்றே போலி டைரக்டரிகள் காளான்களாய் முளைத்தன. இத்தகைய செயற்கைச் சுட்டிகளால் உயர்ந்த தளங்களைக் கூகுள் 2012இல் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றம் கீழே தள்ளியது. காசு கொடுத்து நான் வாங்கியது பயனற்றது மட்டுமன்று, கேடும் விளைவிக்கக்கூடியது.

மனம் சோர்ந்திருந்தபோது எங்கள் விரிவுரையாளர் ஒருவர், தாவரங்களைப் பற்றிய தளங்களை மட்டும் தொகுத்துவரும் ஒரு சிறு பட்டியலைக் காட்டினார். விண்ணப்பித்தேன். பத்து நாள் கழித்து வந்த பதிலில் அனுமதி இல்லை, ஒரு திருத்தம் இருந்தது. "நீங்கள் கீழாநெல்லி என்று வெளியிட்டுள்ள படம் ஃபில்லாந்தஸ் அமாரஸ் அன்று, ஃபில்லாந்தஸ் யூரினேரியா. காயின் மேலுள்ள சொரசொரப்பைப் பாருங்கள்." பார்த்தேன், வெட்கப்பட்டேன், திருத்தினேன். மஞ்சள் காமாலைக்கு மக்கள் அரைத்துக் குடிக்கும் செடியல்லவா அது! 500 டைரக்டரிகளில் எவருமே காணாத பிழையை ஒரே ஒரு மனிதர் கண்டார். ஏனெனில் அவர் படித்தார். அப்பட்டியலின் வழியே முதல் மாதம் வந்தவர்கள் 27 பேர். கூட்டமில்லைதான். ஆனால் அவர்கள் செடியைத் தேடி வந்தவர்கள்.

டைரக்டரியின் உயிர் அதன் நீளத்தில் இல்லை, படித்துப் பார்த்துச் சேர்க்கும் மனிதரிடம் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆகவே, தளம் வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். காசு கேட்டு, எதையும் படிக்காமல் சேர்க்கும் பட்டியலை நாடாதீர்கள். உங்கள் துறைக்குரிய பட்டியலைத் தேடுங்கள். அது அண்மையில் புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். சரியான தலைப்பின் கீழ் விண்ணப்பியுங்கள். "உலகிலேயே சிறந்தது" என்று எழுதாமல், தளத்தில் என்ன இருக்கிறது என்பதை இரண்டு வரிகளில் உண்மையாகச் சொல்லுங்கள்.

அத்துடன் ஒரு வேண்டுகோள். தமிழில் அறிவியல் எழுதுவோரின் தளங்களுக்கு நம் கல்லூரியே ஒரு டைரக்டரி தொடங்கினால் என்ன? துறைக்கு ஐந்து மாணவர்கள், மாணவருக்கு மாதம் இரண்டு தளங்கள். படிப்போம், பிழை இருந்தால் எழுதியவருக்குத் தெரிவிப்போம், நல்லவற்றைச் சேர்ப்போம். விரிவுரையாளர்கள் சரிபார்த்துத் தரட்டும். யாஹூவைத் தொடங்கிய இருவரும் நம்மைப் போல் மாணவர்கள்தாமே!

எங்கோ ஒரு கிராமத்தில், அறிமுகம் செய்துவைக்க ஆளின்றி ஒருவன் எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் கடைக்கு ஒரு பலகை மாட்டுவது, படிக்க வாய்ப்புப் பெற்ற நம் கடமை.