அழைத்துவிட்டுக் கதவடைப்பதா?

ஜப்பானிய காப்காம் கம்பெனியார் 2000-ல் வெளியிட்ட ‘மெகா மேன் லெஜண்ட்ஸ் 2’ என்னும் வீடியோ விளையாட்டின் முடிவில், கதாநாயகன் வீடு திரும்ப வழியின்றி விண்வெளியில் தவிக்கிறான். 2010-ல் மூன்றாம் பாகம் பிரஸ்தாபிக்கப்பட்டபோது, கதாநாயகியின் உருவத்தை வோட்டளித்துத் தேர்ந்தெடுக்குமாறு ரசிகர்களையே அழைத்தனர். 2011 ஜூலையில் அதைக் கைவிட்டனர். தயாரிப்புக்குரிய நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லையாம்! லக்ஷம் பேரைத் திரட்டுவதென ரசிகர்கள் கிளர்ச்சி தொடங்கினர், பலனில்லை.

நஷ்டத்துக்கு அஞ்சி ஒரு முயற்சியை நிறுத்த முதலாளிக்கு உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஜனங்களின் யோசனையைக் கேட்டுப் பெற்றவர், முடிவு செய்யும் வேளையில் அவர்களை வாயிற்படியில் நிறுத்துவது எவ்வகை நியாயம்? ‘விளையாட்டுத்தானே’ என்று சிலர் நகைக்கலாம். வாக்குக் கொடுத்தல் விளையாட்டன்று. கலந்தாலோசிக்க அழைத்தவர், கைவிடுமுன்னும் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டவர் என்பதே நமது அபிப்பிராயம்.