சர்க்கரைக்கும் பட்டம் உண்டு

நம் இயற்கைச் சந்தைகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: “ரெண்டு மாசம் கருப்புக் கவுனி சாப்பிட்டேன், சுகர் நல்லா இறங்கிடுச்சு. மாத்திரையை நிறுத்திட்டேன்.” சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ரெண்டு மாசம் எந்த மாசம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆவணி, புரட்டாசி என்றால் டெல்டாவில் சம்பா நடவு நேரம். நாற்றுப் பறிப்பு, வரப்பு வெட்டு என்று விடிந்ததிலிருந்து சேற்றில் நிற்கிறோம். வேலை செய்கிற தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேலை ஓய்ந்த பிறகு மறுநாள் வரைகூட அந்த இழுப்பு இருக்கும். இறக்கியதில் நடவுக்குப் பெரிய பங்கு. பேர் வாங்கிக்கொள்வது அரிசி. அப்புறம் வருகிறது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வயலில் இறங்க முடியாது. திண்ணையில் டீயும் பஜ்ஜியும், தீபாவளிப் பலகாரம் வேறு. காய்ச்சல் வந்தால் அதுவும் சுகரை ஏற்றும். மாத்திரையை நிறுத்தியவர் மாட்டிக்கொள்வது அப்போதுதான், அதுவும் மரத்துப்போன காலில் சேற்றுப்புண்ணோடு.

தீட்டாத பாரம்பரிய அரிசியில் தவிடும் நாரும் இருப்பதால் மெதுவாகச் செரிக்கும். நல்லதுதான், எனக்கும் சுகர் உண்டு, நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன், அளந்து. ஆனாலும் அது அரிசி. உரக்கம்பெனி விளம்பரத்தைக் கேள்வி கேட்கிற நாம், நம் கடைப் பலகையில் ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று எழுதி வைப்பது எந்த ஊர் நியாயம்?

குளிர் நாடுகளில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை பனிக்காலத்தில் ஏறி, கோடையில் இறங்குவதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நம்ம ஊரில் பனியின் வேலையை மழை செய்கிறது என்பது என் கட்சி. வங்கியில் பயிர்க்கடன் தவணையைக்கூட அறுவடையை ஒட்டித்தான் வைப்போம். மருந்துச் சீட்டு மட்டும் சித்திரைக்கும் கார்த்திகைக்கும் ஒன்றே. டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. “என்ன வேலை?” என்று கேட்டால் “விவசாயம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எந்த மாசம் எவ்வளவு வேலை என்று நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

வேலை மிகுந்த நாட்களில் அதே மாத்திரை, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை 70-க்குக் கீழே தள்ளிவிடலாம். வேர்வை, கைநடுக்கம், கண் இருட்டல். நம்மாட்கள் வெயில் மயக்கம் என்று நிழலில் படுக்கவைத்து விசிறுவார்கள். நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கணும். 15 நிமிஷம் கழித்துப் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு தடவை. அந்த நேரத்தில் வெள்ளைச் சர்க்கரையா என்று கொள்கை பேச வேண்டாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்.

கோடை இன்னொரு கணக்கு. உடம்பில் நீர் வற்றினால் சர்க்கரை ஏறும். மாம்பழமும் அப்போதுதான் வரும். இன்சுலினை மோட்டார் கொட்டகையில் வைத்தால் வெயிலில் வீரியம் போய்விடும். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் ஈரமணல் நிரப்பிய பானைக்குள் சின்னச் சட்டி வைத்து, மருந்தை நனையாமல் மூடி வைக்கலாம்.

மழையளவும் அமுதக்கரைசல் தெளித்த தேதியும் எழுதுகிற நோட்டில் சுகருக்கும் ஒரு பத்தி போடுங்கள். பக்கத்தில் அன்றைக்குச் செய்த வேலையையும் எழுதுங்கள். அன்றன்றைக்குப் பார்க்கிற சுகர் அன்றைய இருப்பு மாதிரி. மூன்று மாதச் சோதனை சராசரி இருப்பு. மார்கழிக் கடைசியில் அந்தச் சோதனை செய்தால் மழைக்கால வண்டவாளம் தெரிந்துவிடும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நோட்டைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். நடவு தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை அதை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வையுங்கள்.